மேட்டுப்பாளையத்தில் வாங்கிய கார், குஞ்சப்பனை ஏற்றத்தில் தெரிந்த குறை

இந்தக் காரை நான் வாங்கியது 2025 ஜூன் மாதம். 2012 மாடல், பெட்ரோல், சின்ன வண்டி. ஊட்டிப் பதிவு, டிஎன் 43. கொடுத்த விலை 1,85,000 ரூபாய். எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் கம்பெனி மேல் ஒரு தப்பும் இல்லை. பதிமூன்று வருஷம் ஓடிய எந்த வண்டிக்கும் வரக்கூடியதுதான் இதற்கும் வந்திருந்தது. அதை மறைத்து விற்றார்களே என்பதுதான் என் வருத்தம்.

நான் கோத்தகிரிப் பக்கம், அரவேணுவில் இருக்கிறேன். பள்ளிக்கூட ஆசிரியை. அப்பாவுக்கு வயது 74. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதயப் பரிசோதனைக்குக் கோவை போக வேண்டும். பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கே இன்னொரு பஸ் மாறி, திரும்பி வரும்போது இருட்டி, பாதி நாள் நின்றுகொண்டே வந்து அவர் துவண்டுபோவதைப் பார்க்க முடியவில்லை. அதற்காகத்தான் கார். புதிதாக வாங்க வசதியில்லை. தவணை கட்டவும் மனமில்லை.

டிஎன் 43 வண்டிதான் வேண்டும் என்று தேடினேன். 2024 மே மாதத்திலிருந்து மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது. நம் மாவட்டப் பதிவு எண் என்றால் அந்தத் தொல்லை கிடையாது. இன்னொரு காரணமும் இருந்தது: மலையில் ஓடிப் பழகிய வண்டி மலைக்கு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். இது முழுக்கத் தப்பான நினைப்பு. மலையில் ஓடிய வண்டியில்தான் கிளட்சும் பிரேக்கும் சீக்கிரம் தேயும்.

விற்றவர் முன்பு குன்னூரில் இருந்தவர். இரண்டு வருஷமாக மேட்டுப்பாளையத்தில் குடியிருக்கிறார். தெரிந்தவருக்குத் தெரிந்தவர், இடையில் புரோக்கர் இல்லை. தம்பி கோவையிலிருந்து வந்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனோம். வண்டியைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். சாவியைத் திருகியதும் ஸ்டார்ட் ஆனது. காரமடை ரோட்டில் எட்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். ஏசி வேலை செய்தது, சத்தம் இல்லை, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கவில்லை, டெம்பரேச்சர் முள் பாதிக்கும் கீழேயே நின்றது. "ஹெட் கழட்டாத இன்ஜின் டீச்சர், நம்பி எடுத்துக்கோங்க" என்றார். ஹெட் என்பது இன்ஜினின் மேல்பாகம், அதைக் கழட்டியிருந்தால் பெரிய ரிப்பேர் நடந்திருக்கிறது என்று அர்த்தம். நான் பானட் மேல் கை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் போவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அதிலேயே தெரிந்திருக்கும். காலையில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அதன் உண்மையான உடம்பு தெரியும். நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வண்டியை மேலே ஏற்றினேன். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டரை ஒட்டிய உயரம், கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டியது. 33 கிலோமீட்டருக்குள் இவ்வளவு ஏற்றம். தட்டையான ரோட்டில் எட்டு கிலோமீட்டர் ஓடிக் காட்டிய வண்டிக்கு இது வேறு பரீட்சை. முதல் சில வளைவுகள் தாண்டியதும் மூன்றாவது கியரில் இழுக்கவில்லை. இரண்டாவதில் போட்டால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை. கிளட்ச் கருகும் வாசனை வந்தது. குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் முன்பு முள் சிவப்புக்கோட்டைத் தொட்டது, பானட் ஓரத்தில் ஆவி வந்தது. ஓரமாக நிறுத்தினேன்.

அது பலாப்பழக் காலம். குஞ்சப்பனைப் பக்கம் அந்தச் சமயத்தில் பழத்துக்காக யானைகள் ரோட்டைக் கடக்கும். கேரட் இறக்கிவிட்டுக் காலியாக மேலே வந்த லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, "இங்க ரொம்ப நேரம் நிக்காதீங்கம்மா" என்றார். ஆனால் ரேடியேட்டர் மூடியைத் திறக்க என்னை விடவில்லை. சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். நாற்பது நிமிஷம் அவரும் கூடவே நின்றார். ஆறியதும் துணியைப் போட்டுத் திறந்து, அவருடைய கேனிலிருந்து தண்ணீர் ஊற்றினார். வந்த தண்ணீர் செம்மண் கரைத்தது போல இருந்தது. "கூலன்டே இல்ல, வெறும் தண்ணி. துரு பாருங்க" என்றார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். அது இன்னும் மனதில் உறுத்துகிறது. அங்கங்கே நிறுத்தி நிறுத்தி, வீடு சேர ராத்திரி ஒன்பது.

மறுநாள் கோத்தகிரியில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் பார்த்தார். அவர் செய்ததை எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதனால் எழுத முடிகிறது. குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தார். தண்ணீரில் குமிழ் குமிழாக வந்துகொண்டே இருந்தது. ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போய், எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் வருகிறது என்றார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவிக் காட்டினார். பால் டீ நிறம், ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிர் ஊரில் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். கிட்டக்கிட்ட மட்டும் ஓடி, இன்ஜின் சரியாகச் சூடாகாத வண்டிகளில் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் கொஞ்சம் வெண்மையாகப் படியும். அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம். டிப் ஸ்டிக்கிலேயே பால் நிறம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்புறம் அவர், இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தார். காலி. கழட்டி எறிந்திருக்கிறார்கள். வண்டி சூடானால் சில இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், தட்டை ரோட்டில் முள் ஏறவே ஏறாது. காரமடை ரோட்டில் நான் பார்த்து நிம்மதி அடைந்த அந்த முள் காட்டியது இதைத்தான். மலைக் குளிரில் இப்படி ஓட்டினால் இன்ஜின் தன் சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். ஏற்றத்தில் பாரம் கூடும்போது கேஸ்கட்டின் குறை மறுபடியும் வெளியே வரும்.

ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. மலையில் சமைக்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் பருப்பு வேகக் குக்கர் இல்லாமல் முடிவதில்லை. ரேடியேட்டர் மூடியும் குக்கர் மூடியைப் போன்றதுதான். அழுத்தம் பிடித்தால்தான் உள்ளே இருப்பது சீக்கிரம் கொதிக்காமல் இருக்கும். மூடி தளர்ந்தால் மேலே ஏற ஏறக் கொதிப்பது சுலபமாகிவிடும்.

எனக்கு மிகவும் வலித்தது வேறு. ஹெட்டைச் சுற்றி ஒட்டுப் பசை புதிதாகப் பிதுங்கியிருந்தது, போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட வெள்ளைக் கீறல்கள். "இத ஆறு மாசத்துக்குள்ள யாரோ கழட்டி மாட்டிருக்காங்க" என்றார் அண்ணன். "ஹெட் கழட்டாத இன்ஜின்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரே!

போன் செய்தேன். "நான் ஓட்டும்போது நல்லாத்தானே இருந்துச்சு டீச்சர், நீங்க ஏத்தின விதம் எப்படியோ" என்றார். தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அது மெக்கானிக் கழட்டினது, எனக்கு அதெல்லாம் தெரியாது" என்றார். மலையை விட்டு இறங்கிய இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட வண்டியை மேலே கொண்டு வந்ததில்லை என்பதையும் அவரே சொன்னார். கிளட்ச் விஷயம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஹெட் விஷயம் தெரியும். தெரிந்தே சொன்ன பொய் அது.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். 1930-ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவின்படி, அதையே தொழிலாகச் செய்யாத ஒருவர் தன் பொருளை விற்றால் தரத்துக்கு அவர் பொறுப்பு என்று பொதுவாகச் சொல்ல முடியாது, வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்றார். பொய் சொல்லி விற்றதாக வழக்குப் போடலாம், ஆனால் அவர் சொன்னதை எழுத்தில் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு வரி, "ஹெட் கழட்டவில்லை, விபத்து இல்லை" என்று அனுப்பச் சொல்லியிருந்தால்கூடக் கையில் ஏதாவது இருந்திருக்கும்.

சரி, செலவு. ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி, கேஸ்கட் மாற்றி, கூலியோடு 14,500. ரேடியேட்டர், மூடி, தெர்மோஸ்டாட், ஹோஸ், கூலன்ட் 6,300. கிளட்ச் செட் 8,200. கிளட்சை மட்டும் தட்டையில் நின்ற இடத்திலேயே சோதித்திருக்கலாம். ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விட வேண்டும். இன்ஜின் அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. முன்னால் ஆள் யாரும் நிற்கக் கூடாது.

இதோடு முடிந்தது என்று நினைத்து, ஜூலையில் அப்பாவை ஏற்றிக்கொண்டு கோவைக்கு இறங்கினேன். இரண்டாவது கியரில்தான் இறங்கினேன், மலையில் அப்படித்தான் ஓட்டப் பழகியிருக்கிறேன். குஞ்சப்பனை தாண்டிக் கீழே, ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தால் கால் பஞ்சில் போவது போல உள்ளே போனது. பக்கத்தில் அப்பா. திரும்பத் திரும்ப மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர்ப் பக்கமாக ஒட்டி நிறுத்தினேன். எதிரே பஸ் வராதது எங்கள் நல்ல நேரம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது.

அந்தக் கெட்டியானதுதான் அடையாளம் என்றார் மெக்கானிக் அண்ணன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கக் கூடும். இறக்கத்தில் பிரேக் சூடாகி ஆயில் கொதித்தால் உள்ளே ஆவி சேரும். ஆவியை அமுக்கலாம், பிரேக்கை அது தள்ளாது. ஆறினால் மறுபடி சரியாகிவிடும். என் வண்டியில் இருந்த ஆயில் டீ டிகாஷன் போல இருந்தது. பேடும் தேய்ந்து தகடாகியிருந்தது. ஆயில், பேடு, பின்பக்க ஷூ எல்லாம் சேர்த்து 5,900. இதை ஏன் முதலிலேயே பார்க்கச் சொல்லவில்லை என்று என்னையே நான் பல நாள் கேட்டுக்கொண்டேன்.

டயரையும் அப்போதே மாற்றினேன், 14,400. டயரின் மேலுள்ள பட்டன் (பள்ளக்கோடுகள்) தேயாமல் நன்றாக இருந்ததால் விற்றவர் "புது டயர்" என்றார். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். என்னுடையதில் 2716, அதாவது 2016-இன் 27-வது வாரம். ஒன்பது வருஷம் ஆன ரப்பர் மழையில் பிடிக்காது. ஆக மொத்தம் 49,300 ரூபாய். வண்டியின் உண்மை விலை 2,34,300.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. வாங்கிய முப்பது நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், படிவம் 29, 30. ஊட்டி ஆர்டிஓ அலுவலகத்தில்தான் தெரிந்தது, ஆர்சியில் பழைய வங்கிக் கடன் இன்னும் நிற்கிறது. விற்றவர் கடனைக் கட்டிவிட்டார், ஆர்சியிலிருந்து அதை நீக்கவில்லை. வங்கி கொடுத்த என்ஓசிக்கு (தடையில்லாச் சான்று) நாள் கடந்துவிட்டது. புதிது வாங்கி, கடன் பதிவை நீக்கும் படிவம் 35 கொடுக்க ஐந்து வாரம் இழுத்தார். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டிருந்தால் வாங்கும் முன்பே ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். பத்தாயிரமாவது கையில் வைத்துக்கொண்டு, பெயர் மாறிய பிறகு கொடுத்திருந்தால் ஐந்து வாரம் ஆகியிருக்காது. இன்ஷூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். அதை மட்டும் தம்பி நினைவாகச் செய்துவிட்டான்.

இப்போது வண்டி எப்படி? நன்றாக இருக்கிறது. தை மாதக் குளிரிலும் ஒரே திருகலில் எழுந்தது. மலையில் லிட்டருக்குப் பதினான்கு கொடுக்கிறது. சீட் உயரம் அப்பாவுக்குச் சரியாக இருக்கிறது, குனியாமல் ஏறுகிறார். கோத்தகிரி பஜாரில் எதிரே பஸ் வந்தாலும் ஒதுங்க இடம் கிடைக்கிற அளவு ஒல்லியான வண்டி. 2,34,300 என்று தெரிந்திருந்தால் இதையே வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் விற்கவும் மனம் வரவில்லை.

போன மாதம் எங்கள் பள்ளி கணக்கு டீச்சர் ஒரு கார் பார்த்தார், அதுவும் மேட்டுப்பாளையத்தில். காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். பானட் ஜில்லென்று இருந்தது. பார்க்க நல்ல வண்டிதான். "குஞ்சப்பனை வரை ஏத்தி இறக்கிப் பார்க்கலாமா, பெட்ரோல் நாங்க போடுறோம்" என்று கேட்டேன். விற்கிறவர் யோசித்துவிட்டு, வேலை இருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு இருவரும் பத்தரை பஸ்ஸில் திரும்பினோம். அவர் இன்னும் கூப்பிடவில்லை.