ஏர் பியூரிஃபையர்: 16 யூனிட்டுக்கு 357 ரூபாய் கட்டிய கதை

கிருஷ்ணகிரியில் எங்கள் வீடு பைபாஸிலிருந்து கூப்பிடு தூரம். ஓசூர் பக்கமிருந்து வரும் லாரிகள் சென்னைக்கும் சேலத்துக்கும் பிரிகிற ஊர் இது. கிரானைட் ஏற்றிப் போகும் வண்டிகள் வேறு. காலையில் துடைத்த டிவி ஸ்டாண்டில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். மகளுக்கு வீசிங் வந்து, அடிக்கடி நெபுலைசர் வைக்கும் நிலை ஆனபோது, 2023 நவம்பரில் ஒரு ஏர் பியூரிஃபையர் வாங்கினோம். இரண்டு வருடம் ஓடிவிட்டது. வீசிங் குறைந்திருக்கிறது. ஆனால் நடுவில் மருந்தும் மாறியது, அவளும் வளர்ந்தாள்; எதனால் குறைந்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கரண்ட் கணக்கை மட்டும் சொல்கிறேன், அதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

முதலில் கேட்டவர் எங்களோடு இருக்கும் மாமனார். "ஏங்க மாப்பிள்ள, விடிய விடிய ஓடினா பில்லு எகிறிடாதுங்களா?" பெட்டியில் 45 வாட் என்று போட்டிருந்தது. "பழைய குண்டு பல்பு அளவுகூட இழுக்காதுங்க மாமா" என்றேன். அவர் நம்பவில்லை. அவர் சந்தேகம் சரிதான் என்று ஒன்றரை வருடம் கழித்துத் தெரிந்தது, ஆனால் அவர் நினைத்த காரணத்தால் இல்லை.

பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டியதில்லை, வீட்டு மீட்டரிலேயே பார்க்கலாம். எங்கள் ஈபி மீட்டரின் முகத்தில் 3200 என்று ஓர் எண் இருக்கிறது. ஒரு யூனிட் ஓடுவதற்குள் மீட்டரின் சிவப்பு விளக்கு 3200 முறை மினுக்கும் என்று அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், வைஃபை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பியூரிஃபையரை மட்டும் ஓடவிட்டேன். நான் மீட்டர் முன்னால், மனைவி உள்ளே வேகத்தை மாற்ற. முழு வேகத்தில் 25 நொடிக்கு ஒரு மினுக்கல். 1125ஐ நொடிக் கணக்கால் வகுத்தால் வாட் வந்துவிடும், ஆக 45. பெட்டி பொய் சொல்லவில்லை. நடு வேகத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், அதாவது 18 வாட். தூக்க வேகத்தில் மூன்று நிமிடம் நின்று கால் கடுத்ததுதான் மிச்சம், ஒரே ஒரு மினுக்கல்: 6 வாட். (உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள், 1125க்குப் பதில் அது.)

வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் கரண்ட் இவ்வளவு குறைவதற்குக் காரணம் உண்டு. காற்றாடி இரண்டு மடங்கு வேகமாகச் சுற்ற ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். அதனால் சின்ன மெஷினை வாங்கி முழு வேகத்தில் அலறவிடுவதைவிட, அறைக்குக் கொஞ்சம் பெரியதாக வாங்கி நடு வேகத்தில் விடுவது நல்லது. சத்தமும் இல்லை.

நாங்கள் ஓட்டுவது ராத்திரி ஒன்பது மணி நேரம் நடு வேகம், காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் முழு வேகம். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 16 யூனிட் வருகிறது. 2025ல் ஒரு யூனிட் 4 ரூபாய் 70 காசு விழுந்த அடுக்கில் அது 75 ரூபாய்.

சரி, இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறைந்திருந்த செலவு ஜன்னலில் இருந்தது. மார்கழி, தை மாதங்களில் இங்கே ராத்திரி ஃபேனே வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் போதும். பியூரிஃபையர் வந்தபின் ஜன்னல் சாத்தியாயிற்று, புழுக்கத்துக்கு ஃபேன் ஓட ஆரம்பித்தது. எங்களுடையது பழைய 75 வாட் ஃபேன். ஒன்பது மணி நேரம் வீதம் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட். மெஷின் தின்பதைப்போல் இரண்டரை மடங்கை அதற்காகப் போட்ட ஃபேன் தின்றது!

அப்புறம் வந்தது 2025 கோடை. ஏசியும் ஓடிய ஏப்ரல், மே கணக்கில் ரீடிங் 510. பில் 2124 ரூபாய். பியூரிஃபையரின் 16 யூனிட் இல்லாமல் 494ல் நின்றிருந்தால் 1767தான் வந்திருக்கும். வித்தியாசம் 357 ரூபாய், யூனிட்டுக்கு 22 ரூபாய்க்கு மேல். 2024 ஜூலையிலிருந்து இருந்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறுக்கு 2.35. ஐந்நூறைத் தாண்டிய நொடியில் அந்த இரண்டாவது நூறும் 4.70 ஆகிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு 8.40 தனி. 501வது யூனிட் ஒன்றுக்கே இப்படி 240 ரூபாய்க்கு மேல் விழும். பியூரிஃபையர் மேல் பழி போடுவது நியாயமில்லை, இட்லிக்கு ஓடிய கிரைண்டரையும் சொல்லலாம். ஆனால் ஒட்டகத்தின் முதுகில் கடைசியாக ஏறிய சுமை எங்கள் வீட்டில் இதுதான்.

ஜூன் மாதம் படுக்கையறை ஃபேனைக் கழற்றிவிட்டு 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ளது) மாட்டினோம். இரண்டு மாதத்துக்கு 24 யூனிட் மிச்சம், பியூரிஃபையருக்குக் கொடுத்தது போக எட்டு யூனிட் கையில்.

ஆட்டோ மோடை எங்கள் வீட்டில் தொடுவதில்லை. மிளகாய் தாளித்தால் சிவப்பு விளக்கு எரிந்து முழு வேகத்தில் பாயும், வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்குச் சொல்லவே வேண்டாம். அந்த அரை மணி நேரம் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுவதே மேல், ஃபில்டருக்கும் நல்லது. ஃபில்டர் மாற்ற வருடத்துக்கு 2,400 ரூபாய் ஆகிறது; மாசத்துக்கு 200. கரண்டைவிட இதுதான் பெரிய செலவு, வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. வெளி வலையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிரஷ் வைத்துத் தட்டினால் போர்வை மாதிரி தூசி உரிந்து வருகிறது.

வாடகை வீட்டில் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே ரேட் வாங்கினால் இந்த 500 தலைவலி உங்களுக்கு இல்லை. எட்டு ரூபாய் என்றால் இரண்டு மாதத்துக்கு 128, அவ்வளவுதான்.

எங்கள் மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒவ்வொரு ரீடிங்கையும் மாமனார் சாக்பீஸால் எழுதி வைக்கிறார். 45வது நாள் மீட்டரைப் பார்த்து, அதிலிருந்து பழைய ரீடிங்கைக் கழிப்போம். 375ஐத் தாண்டியிருந்தால் மீதிப் பதினைந்து நாளும் ஏசி 24லிருந்து 26க்கு ஏறும். பியூரிஃபையரில் கை வைப்பதில்லை.