வீட்ல டிஸ்டார்ஷன் கிட்டார் ரெக்கார்டிங்: நேம் பிளக்இன், நீண்ட நாள் அனுபவம்

நேம்னா நியூரல் ஆம்ப் மாடலர், ஸ்டீவன் அட்கின்சன்ங்கறவர் எழுதி ஓபன் சோர்ஸா இலவசமா விட்டிருக்கற பிளக்இன், கம்ப்யூட்டருக்குள்ளயே கிட்டார் ஆம்ப் மாதிரி சத்தம் தரும். கொஞ்ச வருஷமாவே என்னோட டிஸ்டார்ஷன் கிட்டார் எல்லாம் இதுல தான், ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள்ள போட்டு. ஃபிளாட்ல குடியிருந்துக்கிட்டு 50 வாட் ட்யூப் ஆம்பை ஃபுல்லா திறந்து மைக் வெச்சு ரெக்கார்ட் பண்றதெல்லாம் நடக்கற காரியமா, அதுவும் வாசிக்க நேரம் கிடைக்கறதே எல்லாரும் தூங்கின அப்புறம் தான். அந்த நிலைமைல இருக்கறவங்களுக்கு இது உண்மையிலேயே பெரிய வரம்.

இது எப்படி வேலை செய்யுதுன்னா, நிஜ ஆம்புக்குள்ள ஒரு டெஸ்ட் சிக்னலை அனுப்பி, வெளிய வர்றதை ரெக்கார்ட் பண்ணி, அதை வெச்சு ஒரு நியூரல் நெட்வொர்க்கை ட்ரெயின் பண்றாங்க, அப்படி கிடைக்கற ஃபைல் தான் கேப்சர். அதனால பெரும்பாலான கேப்சர், ஆம்ப்ல நாப் எல்லாம் அன்னைக்கு எங்க இருந்துச்சோ அந்த ஒரு செட்டிங் மட்டும் தான். இன்புட்டை குறைச்சா கெயின், அதாவது டிஸ்டார்ஷனோட அளவு, குறைஞ்ச மாதிரி ஆகும், ஆனா ஆம்போட மிட் நாபை திருப்பினா என்ன ஆகுமோ அது கிடைக்காது, வேற கேப்சர் தான் தேடணும். பீவி 5150, மார்ஷல் ஜேசிஎம் 800 மாதிரி பிரபலமான ஆம்புக்கெல்லாம் கேப்சர் கொட்டிக் கிடக்கு, நான் அதுல நாலஞ்சை எடுத்து வெச்சுக்கிட்டு மத்ததை தேடறதையே விட்டுட்டேன்.

இப்போ முக்கியமான விஷயம். ரெக்கார்டிங்ல கிட்டார் சத்தமாவும் தெளிவாவும் கேக்கணும்னா கெயினை குறைங்க. டிஸ்டார்ஷன்ங்கறதே சிக்னலோட தலையை வெட்டறது, பீக்குக்கும் ஆவரேஜுக்கும் இடைவெளி அதுலயே சுருங்கிடும், கெயின் ஏற ஏற பிக் அடிக்கற அந்த முதல் டக் சத்தம் காணாம போயிடும், மிக்ஸ்ல கிட்டாரை முன்னாடி கொண்டு வர்றது அந்த டக் தான். தனியா வாசிக்கும்போது கெயின் கொஞ்சம் பத்தலையேன்னு தோணுதுல்ல, டிரம்ஸும் பேஸும் சேர்ந்தப்புறம் அந்த அளவு தான் சரியா இருக்கும். டபுள் ட்ராக் பண்ணா, அதாவது ஒரே பகுதியை ரெண்டு தடவை வாசிச்சு சேர்த்தா, ரெண்டு டேக்கோட டிஸ்டார்ஷனும் சேர்ந்து இன்னும் அடர்த்தியாயிடும், அதுக்கும் இடம் விடணும்.

ரெண்டாவது, ஆம்புக்கு முன்னாடி ட்யூப் ஸ்க்ரீமர்ங்கற ஓவர்டிரைவ் பெடல் ஒண்ணு. டிரைவ் கிட்டத்தட்ட ஜீரோ, லெவல் ஃபுல், டோன் நடுவுல. அந்த சர்க்யூட் சுமார் 720 ஹெர்ட்ஸுக்கு கீழ போகப் போக பேஸை ஏத்தாம விட்டுடும், அதனால ஆம்புக்குள்ள மிட் தான் தூக்கலா போகும். லோ ஈ ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ். அந்த அடி சத்தம் முழுசா டிஸ்டார்ஷனுக்குள்ள போனா மேல இருக்கற எல்லாத்தோடயும் கலந்து குழம்பிடும். பேஸை ஆம்புக்கு முன்னாடி வெட்டறதும் பின்னாடி ஈக்யூல (ஃப்ரீக்வன்சியை ஏத்தி இறக்கற கருவில) வெட்டறதும் ஒண்ணு கிடையாது, பின்னாடி வெட்டினா குழப்பம் உள்ளயே நடந்து முடிஞ்சிருக்கும்.

ரூட்டும் ஃபிஃப்த்தும் மட்டும் இருக்கற பவர் கார்ட் டிஸ்டார்ஷன்ல சுத்தமா கேக்கறதுக்கும் இதே மாதிரி காரணம் தான். ரூட்டும் ஃபிஃப்த்தும் 2:3 விகிதம், அதுங்களோட வித்தியாசமா பொறக்கற சத்தம் ரூட்டுக்கு ஒரு ஆக்டேவ் கீழ போய் உக்காருது, இடிக்காது. மேஜர் தேர்டை சேர்த்து ஆறு ஸ்ட்ரிங்கும் அடிச்சா கரகரன்னு ஆயிடும், அந்த இடத்துக்கு கெயின் கம்மியான இன்னொரு கேப்சர் போட்டுக்கறது எனக்கு பழக்கமாயிடுச்சு.

கேபினட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியும் மைக்கும் சவுண்டை மாத்தற விதத்தை பிடிச்சு வெச்ச ஃபைல்) இல்லாம டிஸ்டார்ஷனை கேக்கவே கூடாது, தகர டப்பாக்குள்ள வண்டு மாட்டினாப்ல இருக்கும். 12 இன்ச் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல சரசரன்னு இறங்கிடும், அந்த ஃபில்டர் தான் கிட்டார் சவுண்டே. செலெஸ்டியன் விண்டேஜ் 30 முன்னாடி ஷூர் எஸ்எம்57 வெச்சு எடுத்த ஐஆர்ல ஆரம்பிங்க. மைக் கோனோட நடுவுக்கு நேரா இருந்தா கூர்மை ஜாஸ்தி, ஓரத்துக்கு நகர நகர மெத்துன்னு ஆகும். ஆம்ப் கேப்சர் மாத்தறதை விட ஐஆர் மாத்தினா தான் சவுண்ட் பெருசா மாறுது, இதை எத்தனை தடவை வேணா சொல்வேன். அதுக்கப்புறம் ஈக்யூ எனக்கு கொஞ்சம் தான்: 80லேர்ந்து 100 ஹெர்ட்ஸுக்குள்ள லோ கட், 9 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஹை கட். பாம் மியூட் (உள்ளங்கையால ஸ்ட்ரிங்கை லேசா அமுக்கி வாசிக்கறது) அடிக்கும்போது மட்டும் தும்முனு வீங்கற இடத்துக்கு, சுமார் 100லேர்ந்து 250 ஹெர்ட்ஸ் வரைக்கும், வீங்கும்போது மட்டும் அந்த இடத்தை அமுக்கற மல்டிபேண்ட் கம்ப்ரஸர் போடுவேன், ஸ்டாட்டிக் ஈக்யூல அதை வெட்டினா மத்த இடமெல்லாம் ஒல்லியாயிடும்.

டபுள் ட்ராக்கிங்ல குறுக்கு வழியே கிடையாது. ஒரே டேக்கை காப்பி பண்ணி இடது வலதுல போட்டா அது நடுவுல வர்ற மோனோ தான், கொஞ்சம் டிலே கொடுத்து அகலமாக்கினா ஃபோன் ஸ்பீக்கர்ல மோனோவா கேக்கும்போது சில ஃப்ரீக்வன்சி அடிபட்டு சவுண்ட் உள்ளுக்குள்ள காலியா ஆயிடும். ரெண்டு தடவை நிஜமா வாசிங்க, கை ஒத்துப் போற வரைக்கும் வாசிங்க, ஒவ்வொரு டேக்குக்கு முன்னாடியும் ட்யூன் பண்ணுங்க. அகலமும் கனமும் அதுல தான் இருக்கு.

ஆடியோ இன்டர்ஃபேஸ்ல (கிட்டாரை கம்ப்யூட்டரோட இணைக்கற பெட்டி) இன்ஸ்ட்ருமென்ட் பட்டன் ஆன்ல இருக்கணும், முரட்டுத்தனமா அடிச்சாலும் பீக் மைனஸ் 6 டிபியை தாண்டாம இருந்தா போதும். 48 கிலோஹெர்ட்ஸ்ல 128 சாம்பிள் பஃபர்னா ஒரு வழிக்கு சுமார் 2.7 மில்லிசெகண்ட் தாமதம், எனக்கு வாசிக்க தொந்தரவா தெரியல. பழைய லேப்டாப்ல ஸ்டாண்டர்ட் சைஸ் மாடல் ரெண்டு மூணு ஓடினாலே சிபியூ திணறும், ஃபெதர் இல்லன்னா நானோங்கற சின்ன மாடல் போடுங்க, இல்ல ட்ராக்கை ஃப்ரீஸ் பண்ணிடுங்க, அதாவது ஆடியோவா மாத்தி வெச்சிடுங்க. சத்தம் இரைஞ்சா முதல்ல லேப்டாப் சார்ஜரை கழட்டிப் பாருங்க, நம்ம கரண்ட்டோட 50 ஹெர்ட்ஸ் ஹம்மு சிங்கிள் காயில் பிக்கப்ல நல்லாவே ஏறும், திரும்பி உக்காந்தாலே பாதி குறையும். வாசிக்காதப்போ இரைச்சலை மூடற நாய்ஸ் கேட்டை ஆம்புக்கு முன்னாடி போடுங்க.

ரெண்டு கேப்சரை ஒப்பிடும்போது வால்யூமை சமமாக்கிட்டு கேளுங்க, சத்தம் ஜாஸ்தியா இருக்கறது தான் காதுக்கு நல்லா இருக்கற மாதிரி தோணும். மாஸ்டர்ல லிமிட்டரை போட்டு நசுக்கறதும் பெருசா பிரயோஜனமில்ல, யூட்யூபும் ஸ்பாட்டிஃபையும் சத்தமா ஏத்தினதை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கற யூனிட்) பக்கம் இறக்கிடும், அப்போ டக் இருக்கற மிக்ஸ் தான் பெருசா கேக்கும்.

லீட் சோலோவுக்கு மட்டும் இன்னும் தேடிக்கிட்டு தான் இருக்கேன். நிஜ ஆம்ப் பக்கத்துல நின்னா ஸ்பீக்கர் காத்து ஸ்ட்ரிங்கை ஆட்டி நோட்டு தானா நீண்டுக்கிட்டே போகும், ஹெட்ஃபோன்ல அது வராது. அந்த ஒரு விஷயத்துக்கு மானிட்டர் ஸ்பீக்கரை கொஞ்சம் ஏத்தி வெச்சு, அது பக்கத்துல கிட்டாரை திருப்பிப் பிடிச்சு, ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல எடுக்கறேன்.