டார்க் ரென்ச்: 11 வருடம் பயன்படுத்திய அனுபவம், ஒரு விசுவாசியின் ஷெட்டிலிருந்து

வேலூர் சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு டூ வீலர் ஷெட் வைத்திருக்கிறேன். 2014இல் சென்னை ஜி.பி. ரோட்டுக்கு ஸ்பேர்ஸ் எடுக்கப் போனபோது 3,800 ரூபாய் கொடுத்து, போல்ட்டைச் சரியான அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் டார்க் ரென்ச் ஒன்றை வாங்கினேன். 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் (முறுக்கும் விசையின் அளவு) வரை வைக்கலாம், அளவு வந்ததும் 'க்ளிக்' என்று சத்தம் கொடுக்கும் வகை. அன்றைய என் நிலைமைக்கு அது பெரிய தொகை. "பைக் வேலைக்கு எதுக்குப்பா இது, கைப்பழக்கம் போதாதா?" என்று பக்கத்து ஷெட் அண்ணன் கேட்டார். புதிதாக ஷெட் போடுகிற தம்பிகள் இன்றைக்கும் அதையேதான் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை ஸ்பேனர் பிடிக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

தேவையா என்றால், தேவைதான். பைக் இன்ஜின் அலுமினியம், போல்ட் இரும்பு. கொஞ்சம் கூடுதலாக முறுக்கினால் மரை போய்விடும். அப்புறம் லேத்துக்குத் தூக்கிப்போய், போன மரைக்குப் பதிலாக ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருளைப் போட வேண்டும். குறைவாக முறுக்கினால் கசியும், இல்லையென்றால் ஓடுகிற அதிர்விலேயே கழன்றுவிடும். 10 மில்லி மரை உள்ள ஸ்பார்க் பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். கையில் வெறும் பிளக் ஸ்பேனரைக் கொடுத்து முறுக்கச் சொன்னால் பெரும்பாலும் இதைத் தாண்டித்தான் போவோம். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

பிடிக்குள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. பிடியைத் திருகினால் ஸ்பிரிங் அழுந்தும். எவ்வளவு அழுந்துகிறதோ அதுதான் நீங்கள் வைக்கும் அளவு. போல்ட்டின் இறுக்கம் அந்த அளவைத் தொட்டதும் உள்ளே இருக்கும் நெம்பு சட்டென்று வழுக்கி உள்சுவரில் தட்டும். அதுதான் அந்த க்ளிக். பிடியின் நடுவில் பிடித்து நிதானமாக இழுக்க வேண்டும், வெட்டி இழுக்கக் கூடாது. இறுகிப்போன போல்ட்டைக் கழற்ற இதை எடுக்கவே கூடாது. மரையில் ஆயில் இருந்தால் உராய்வு குறைந்து, அதே அளவுக்குப் போல்ட் இன்னும் அதிகமாக இழுபடும். ஆகவே மேனுவல் உலர்ந்த மரைக்குச் சொல்கிறதா, ஆயில் போட்ட மரைக்கா என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

இன்னொன்று. க்ளிக் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை இழுக்கிறவர்கள் உண்டு. ஒவ்வொரு இழுப்புக்கும் நட்டு ஒரு நூல் நகரும், இறுக்கம் அளவைத் தாண்டும். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள், இதற்கு மிஞ்சினது தீமையினால் உண்டாயிருக்கும்" என்று ஆண்டவர் சொன்ன வசனத்தைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் பண்ணியிருந்தேன். 'மிஞ்சினது' என்ற சொல்லின் அர்த்தம் கையில் பட்டது ஷெட்டில்தான். கஸ்டமரிடம் "சத்தியமா அண்ணே, புது பிளக்தான் போட்டேன், என் புள்ள மேல சத்தியமா" என்று அடுக்கிக்கொண்டே போவது எங்கள் தொழிலில் சகஜம். நான் வேலை கற்ற இடத்தில் பழைய பிளக்கைப் பிரஷ் போட்டுத் தேய்த்து மாட்டிவிட்டு, புதுசுக்குக் காசு வாங்குவார்கள். அந்த வண்டிகளுக்குத்தான் சத்தியம் அதிகமாக விழும். புதுசு போட்டிருந்தால் பழசை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் போதும். ஒரு க்ளிக்.

இப்போது இந்த ரென்ச் எனக்குச் செய்ததை, சரியாகச் சொன்னால் நான் இதற்குச் செய்ததைச் சொல்கிறேன்.

2018 வாக்கில், அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து தினமும் பள்ளிக்கூடத்துக்கு வந்துபோகிற வாத்தியார் ஒருவரின் பைக்குக்கு ஹெட் (இன்ஜினின் மேல்மூடி) வேலை செய்தேன். இரண்டு வாரத்தில் ஹெட் ஓரத்தில் ஆயில் கசிகிறது என்று திரும்ப வந்தார். ஹெட்டுக்கு அடியில் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட் மேல் பழியைப் போட்டு, புதுசு மாட்டி, அதற்கும் காசு வாங்கினேன். ஒரு மாதத்தில் அதே இடத்தில் அதே கசிவு. "சார், டார்க் ரென்ச் வெச்சு அளந்துதான் முறுக்கினேன், என் வேலையில குறை இல்லை" என்றேன். மனசார நம்பித்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பைபிள் படிக்கிற ஆளாச்சேன்னு உன்னை நம்பித்தாம்பா வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

தூக்கம் வராமல் கிடந்தபோது நைனா, என் அப்பா, ஞாபகம் வந்தார். நைனா கொத்தனார். அவர் பையில் தூக்குக்குண்டு, மூலமட்டம், ரசமட்டம் மூன்றும் எப்போதும் இருக்கும். காலையில் வேலை தொடங்கும் முன் ரசமட்டத்தை ஒரு பலகைமேல் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைப்பார். இரண்டு தடவையும் குமிழி ஒரே கோட்டில் நின்றால் மட்டம் சரி. மாறினால் தப்பு பலகையில் இல்லை, மட்டத்தில்தான். "செவுரு பொய் சொன்னா மட்டம் காட்டிக்குடுக்கும். மட்டமே பொய் சொன்னா யாருடா காட்டிக்குடுக்கிறது?" என்பார். பத்து வயதில் கேட்டதை நாற்பதுக்குப் பக்கத்தில் மறந்திருந்தேன். ரென்ச்சை வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் காட்பாடியில் ரயிலேறி, அரக்கோணத்தில் மாறி, அம்பத்தூரில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஒரு கேலிபரேஷன் லேபுக்குப் போனேன். 5, 15, 25 என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் ஐந்து தடவை இழுத்துப் பார்த்தார்கள். இந்த வகை ரென்ச்சுக்குக் கூட்டியோ குறைத்தோ 4 சதவீதம் வரை விலகல் அனுமதி உண்டு. 15இல் வைத்தால் 14.4க்கும் 15.6க்கும் இடையில் க்ளிக் வர வேண்டும். என்னுடையது 12.3இல் வந்தது. அங்கே இருந்த தம்பி ஒரே கேள்விதான் கேட்டார்: "அண்ணா, வேலை முடிஞ்சதும் பிடியைக் குறைச்சு வெப்பீங்களா?" நான் வைத்ததில்லை. 20இல் வைத்து வேலை பார்த்தால் அப்படியே பெட்டியில் போட்டு மூடிவிடுவேன். நாலு வருடம் ராத்திரி பகலாக அழுந்திக் கிடந்த ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.

என்னை உலுக்கியது அந்தச் சத்தம்தான். 12.3இல் வந்த க்ளிக்குக்கும் 15இல் வர வேண்டிய க்ளிக்குக்கும் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே தெளிவு, அதே உறுதி. அதை நம்பித்தான் வாத்தியாரிடம் அத்தனை அழுத்தமாகப் பேசினேன். மனசார நம்பினேன் என்பதால் அது உண்மையாகிவிடவில்லை, அவர் வண்டியில் ஆயில் ஒழுகிக்கொண்டேதான் இருந்தது. சபையில் நான் சொல்லும் ஸ்தோத்திரமும் இப்படி ஆகியிருக்குமோ என்று முதல்தடவையாகப் பயந்தேன். குரல் மாறவில்லை, வார்த்தை மாறவில்லை, உள்ளே ஸ்பிரிங் எப்போது தளர்ந்தது என்று தெரியாது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்கிறது நீதிமொழிகள் 11:1. கள்ளத்தராசு என்றால் வேண்டுமென்றே ஏமாற்றுகிறவன் கையில் இருப்பது என்றே நினைத்திருந்தேன். கவனிக்காமல் விட்டவன் கையிலும் அது கள்ளத்தராசுதான்.

லேபில் காத்திருந்தபோது, "உங்க மெஷின் சரின்னு யார் சொல்றது?" என்று கேட்டேன். அதை இன்னொரு பெரிய லேபில் சரிபார்ப்பார்களாம், அந்தச் சங்கிலி டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போகிறதாம். நம் நாட்டுக்குரிய கிலோ கல், 57ஆம் எண் போட்டது, அங்கேதான் இருக்கிறது. அதற்கும் மூலக்கல் பாரிஸ் பக்கத்தில், பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்து 1889 முதல் கண்ணாடிக் குடுவைக்குள் பூட்டி வைத்த உருளை. அவ்வளவு பத்திரமாக வைத்தும், நூறு வருடத்தில் அதற்கும் அதன் நகல்களுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. அதனால் 2019 மே 20 முதல் அந்த உருளையை விட்டுவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையிலேயே மாறாத ஓர் எண்ணை வைத்துக் கிலோவை வரையறுக்கிறார்கள். இந்தச் செய்தியைப் படித்த அன்று ஷெட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மனிதன் கையால் செய்த அளவு எதுவானாலும் நகர்கிறது. கடைசியில் படைப்புக்குள் மாறாமல் இருப்பதைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. "நான் கர்த்தர் நான் மாறாதவர்" என்று மல்கியாவில் வருகிற வசனத்தை அதற்குப் பிறகு என்னால் வேகமாக வாசித்துக் கடக்க முடிந்ததில்லை.

ரென்ச்சைச் சரிசெய்து வாங்கி வந்ததும் வாத்தியார் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். கேஸ்கெட்டுக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன், ஹெட்டைப் பிரித்து மறுபடி மாட்டிக் கொடுத்தேன். கசிவு நின்றது. அவர் இன்றைக்கும் என்னிடம்தான் வருகிறார்.

மற்ற டூல்ஸ் பற்றிச் சுருக்கமாக. ஸ்பேனரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு தடவை ரோட்டோரம் மலிவாக வாங்கிய செட்டில் 'குரோம் வனேடியம்' என்று அழகாக அச்சு இருந்தது, இரண்டே மாதத்தில் வாய் விரிந்துவிட்டது. 12 நட்டுக்கு 13 போடுவதும் வேண்டாம். ஒரு மில்லிதானே என்று தோன்றும், முனை ஆறும் மழுங்கிவிடும். நுட்பமாக அளக்கும் வெர்னியரில் அளக்கும் முன் தாடையை மூடிச் சைபர் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டருக்குள் இருக்கும் பேட்டரி இறங்கினால் பல மீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். செத்துக்கொண்டிருக்கும் வண்டி பேட்டரியைக்கூட 12.6 வோல்ட் என்று சொல்லிவிடும். மூலையில் பேட்டரிப் படம் மின்னினால் அந்த மீட்டரை நம்பாதீர்கள்.

போன வருடம் வாலிபர் கூட்டத்துக்கு இந்த ரென்ச்சையும், இறுக்கிப் பிடிக்கும் ஒரு வைஸையும் எடுத்துப் போனேன். 8 மில்லி ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒன்றைப் பிடித்து வைத்து, 20இல் க்ளிக் வரும்போது கை எப்படி உணர்கிறது என்று எல்லாரையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். பிறகு சாதாரண ஸ்பேனரில் அதே அளவு வைக்கச் சொன்னேன். பாதிப் பேர் குறைவாக வைத்தார்கள். ஐ.டி.ஐ. படிக்கிற தம்பி ஒருவன் 'இதோ, கரெக்ட்' என்று சொல்லிக்கொண்டே ஸ்டட்டை முறித்துவிட்டான். நர்சிங் படிக்கிற தங்கச்சி ஒருத்தி, "பிபி மெஷினையும் இப்படித்தாண்ணா அப்பப்போ செக் பண்ண எடுத்துட்டுப் போவாங்க" என்றாள். "அப்போ நம்ம ஜெபத்தை யாரு செக் பண்றது?" என்று கேட்டதும் அவள்தான். ஆயர் பதில் சொல்வார் என்று நான் பார்த்தேன். அவர் வேதத்தைத் திறந்து, "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்ற 139ஆம் சங்கீதத்தின் வரியை மெதுவாக வாசித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

11 வருடத்தில் தேய்மானம் என்று பார்த்தால், பிடியின் ரப்பர் உரிந்துவிட்டது. பொறித்திருந்த எண்கள் கிரீஸ் ஏறி மங்கிவிட்டன. வெள்ளை நெயில் பாலிஷைப் பூசிக் காய்வதற்குள் துணியால் துடைத்தேன், பள்ளத்தில் மட்டும் நின்று எண் பளிச்சென்று தெரிகிறது. ராட்செட் பற்கள் இன்னும் நன்றாக இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் ஷெட் மூடும் முன் பிடியைத் திருப்பி 5க்குக் கொண்டுவந்துவிடுவேன். அதற்குக் கீழே இறக்குவதில்லை, உள்ளே பாகங்கள் இடம் மாறிவிடும். வருடத்துக்கு ஒரு தடவை, அல்லது 5,000 க்ளிக் ஆனால், லேபுக்கு அனுப்ப வேண்டும். வாங்குவதாக இருந்தால் கேலிபரேஷன் சான்றிதழோடு வருவதையே வாங்குங்கள். பைக்குக்கும் காருக்கும் ஒன்றே போதும் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். பெரிய ரென்ச்சின் அடி எண்களில் சின்னப் போல்ட்டை நம்பி முறுக்க முடியாது.

இந்த வருடத்துக்கான தவணை வந்துவிட்டது. திங்கட்கிழமை ரென்ச் அம்பத்தூர் போகிறது, திரும்ப எப்படியும் பத்து நாள் ஆகும். அதுவரை ஆயில் மாற்றுவது, பிரேக், செயின் வேலை மட்டும்தான் எடுக்கிறேன். ஹெட் வேலைக்கு வந்த இரண்டு பேரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஒருவர் வேறு ஷெட்டுக்குப் போய்விட்டார். இன்னொருவர் வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போயிருக்கிறார்.