பி.பார்ம் சேரும் முன் எங்கே போய் நிற்பது: ஆஸ்பத்திரியா, ஏஜென்சியா, மெடிக்கல் ஷாப்பா?

பிளஸ் டூ பரீட்சை முடிந்து பார்மசி கலந்தாய்வு வருவதற்குள் கையில் சில மாதங்கள் இருக்கும். "சும்மாதானே இருக்க, ஏதாவது மருந்துக்கடைல போயி நில்லு" என்று வீட்டில் சொல்வார்கள். நல்ல யோசனைதான். எந்த இடம் என்பதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள்.

நம் ஊரில் பி.பார்ம் (பார்மசி பட்டப்படிப்பு), டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ) இரண்டுக்கும் இடம் கிடைப்பது பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான். கடையில் வேலை பார்த்த சான்றிதழுக்கு ஒரு மார்க்கும் கிடையாது. டி.பார்மில் 500 மணி நேரப் பயிற்சி உண்டு, பி.பார்மில் ஆறாவது செமஸ்டர் முடிந்ததும் 150 மணி நேரம் உண்டு. இரண்டும் கல்லூரியில் சேர்ந்த பிறகு செய்ய வேண்டியவை, இப்போது நின்ற நாட்களை அதில் கழித்துக்கொள்ள முடியாது. பிரிட்டனில் படிக்கப் போகிறவர்களிடம் நேர்காணலில் இந்த அனுபவத்தைக் கேட்பார்கள், அது வேறு கணக்கு. இங்கே போய் நிற்பது, நான்கு வருஷத்தைக் கொடுக்கும் முன் இந்த வேலை எப்படிப்பட்டது என்று கண்ணால் பார்ப்பதற்காக மட்டுமே. அதனால் எந்த இடத்தையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: பார்மசிஸ்ட் அங்கே இருக்கிறாரா, அவர் நோயாளியிடம் பேசுவதை நாம் கேட்க முடியுமா?

பெற்றோர் முதலில் நினைப்பது திருநெல்வேலியில் பாளையிலும் (பாளையங்கோட்டை) வண்ணார்பேட்டையிலும் உள்ள பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளைத்தான். பார்மசிஸ்டுகள் கண்டிப்பாக இருப்பார்கள். வார்டிலிருந்து வரும் இன்டென்ட் (தேவையான மருந்துகளின் பட்டியல்), கடையில் பார்க்கவே முடியாத ஊசி மருந்துகள், டிஸ்சார்ஜ் ஆகும்போது திரும்பி வரும் மருந்தைச் சரிபார்த்து வாங்குவது என்று பார்க்க நிறைய உண்டு. ஆனால் புதுப் பையனையோ பெண்ணையோ பில் போடவும் ரேக் அடுக்கவும் விட்டுவிடுவார்கள். நோயாளி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டோக்கனோடு நிற்பார், பேச நேரம் இருக்காது. ஃபார்ம் டி எண்ணம் உள்ளவர்களுக்கு மட்டும் இதையே சொல்வேன். அது ஆறு வருஷப் படிப்பு, கடைசி வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியில்தான்.

கடைகளுக்கு மருந்து சப்ளை செய்யும் மொத்த ஏஜென்சியில் கம்பெனி பெயர்களும் பேட்ச் எண்ணும் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) காலாவதிச் சரக்கைத் திருப்பும் முறையும் வேகமாகப் பிடிபடும். நோயாளியின் முகத்தையே பார்க்க முடியாது. மருந்து வியாபாரம் செய்ய நினைப்பவர் சில நாள் போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மருந்து கவுன்டரில் பள்ளி முடித்த பிள்ளை உள்ளே நின்று பழகுவது நடைமுறையில் கஷ்டம். ஆனாலும் வீட்டுப் பெரியவர்களுக்கு மாதாந்திர மாத்திரை வாங்கும் சாக்கில் ஒரு காலை வேளை அந்த வரிசையில் நின்று பாருங்கள். அத்தனை பேருக்கு மத்தியில் ஒரு மருந்தாளுநர் எப்படி வேலை செய்கிறார் என்று தெரியும். அரசு வேலைதான் கனவு என்றால் இதைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

இனி மெடிக்கல் ஷாப். என் ஓட்டு இதற்குத்தான். டாக்டர் கிளினிக்குகள் உள்ள தெருவில், சாயங்காலம் பார்மசிஸ்ட் தானே கவுன்டரில் நிற்கும் கடையாகப் பாருங்கள்.

சித்திரை வெயிலில் களக்காட்டுக்குப் பஸ் ஏறப்போகும் ஒரு அம்மா இரண்டு பாட்டில் இன்சுலின் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்மசிஸ்ட் ஃபிரிட்ஜைத் திறக்கும் முன்னாலேயே, "வீட்டுல ஃபிரிட்ஜ் இருக்காம்மா?" என்பார். இல்லை என்றால் ஒரு பாட்டில்தான் எடுப்பார், ஐஸ் பேக்கோடு கட்டித் தருவார். "பாலிதீன் கவர்ல கட்டி மண்பானைக்குள்ள வைங்க. தெறந்தா ஒரு மாசம்தான் கணக்கு. அடுத்தத அப்புறம் வந்து வாங்கிக்கிடலாம்." ஃபிரிட்ஜ் இருக்கிறது என்று சொன்னால், ஐஸ் கட்டியாகும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், உறைந்த இன்சுலின் ஆகாது என்பார். இரண்டு முதல் எட்டு டிகிரி என்று புத்தகத்தில் ஒரு வரியில் வரப்போவது இதுதான்.

பத்து மாத்திரை அட்டையில் நாலு போதும் என்பார்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையின் ஒரு ஓரத்தில் இருக்கும். கத்தரிக்கோல் எந்தப் பக்கத்திலிருந்து போகிறது என்று கவனியுங்கள். அந்த ஓரம் கடையில் மிஞ்சும் துண்டில் நிற்க வேண்டும். சர்க்கரை நோய் மாத்திரைகளான மெட்ஃபார்மின் 500, மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எஸ்.ஆர். மெதுவாகக் கரைய வேண்டியது, பொடித்துக் கொடுக்கக் கூடாது. அதை அந்த அண்ணாச்சி ஒரு பாட்டியிடம் எப்படிப் புரியவைக்கிறார் என்பதில்தான் இந்தத் தொழில் இருக்கிறது. ஹெச்1 பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். 2014 முதல் சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கி, ஆள் வராத கடைகளும் இருக்கின்றன. பதிவு பெற்ற பார்மசிஸ்ட் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்கிறது. சேர்ந்த இரண்டாம் நாளே "தம்பி, நீயே எடுத்துக் குடு" என்று சொல்லும் கடையிலிருந்து அன்றைக்கே வந்துவிடுங்கள். அங்கே பழகுவது தப்பான பழக்கம், பாதிக்கப்படப்போவது சீட்டோடு வந்தவர். அடுக்கலாம், தூசி தட்டலாம், காலாவதி தேதி பார்த்துப் பிரிக்கலாம், பில் போடலாம். அதுவே நிறைய வேலை.

இதே வகையில் மத்திய அரசுத் திட்டமான மக்கள் மருந்தகத்தையும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்தையும் பலர் யோசிப்பதே இல்லை. இவற்றில் பலவற்றை பி.பார்ம், டி.பார்ம் முடித்தவர்களே நடத்துகிறார்கள், ஆகவே என் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். மருந்துகளும் பெரும்பாலும் கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் பொதுப்பெயரில்தான் இருக்கும். கல்லூரியில் பாடம் முழுக்க அந்தப் பெயர்களில்தான். சரக்கின் வகையும் கூட்டமும் சாதாரணக் கடையை விடக் குறைவு, அதனால் ஓய்வாகப் பேசிக் கற்கலாம். நெரிசலில் நின்று திணறும் பிள்ளைக்கு நான் இதையே சொல்வேன்.

பாளைக்குத்தான் வர வேண்டும் என்றில்லை. அம்பை, வள்ளியூர், சேரன்மகாதேவிப் பிள்ளைகள் சொந்த ஊர்க் கடையிலேயே நிற்கலாம். கிளினிக் கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் கூடும், பாளையில் நின்றால் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டு அந்த நேரத்தில் கிளம்ப வேண்டியிருக்கும். கேட்கப் போகும்போது மதியம் மூன்று மணி வாக்கில், கடை காலியாக இருக்கும் நேரமாகப் போங்கள். அப்பாவை அனுப்பாமல் நீங்களே போய், "அண்ணாச்சி, பார்மசி படிக்கலாம்னு இருக்கேன், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் நின்னு பாக்கட்டுமா?" என்று கேளுங்கள். சம்பளப் பேச்சு முதல் நாளே வேண்டாம். பார்மசிஸ்ட் எத்தனை மணிக்கு வருவார், எத்தனை மணிக்குப் போவார் என்று மட்டும் கேட்டு, அந்த நேரத்துக்குப் போய் நில்லுங்கள்.