360 டிகிரி மதிப்பீடு: பல வருடம் நடத்திப் பார்த்ததில் தெரிந்தது

ஓரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு எச்.ஆர். வேலை. சூப்பர்வைசர், மேனேஜர்களின் தலைமைத் திறனை அளக்க 360 டிகிரி மதிப்பீட்டைப் பல வருடமாக நடத்தி வருகிறேன். மேலே இருப்பவர், கூட இருப்பவர்கள், கீழே வேலை செய்பவர்கள் என எல்லாரும் ஒருவருக்கு மதிப்பெண் போடுவார்கள். அவரும் தனக்குப் போட்டுக்கொள்வார். நல்ல கருவிதான், தாராளமாக வாங்கலாம். ஆனால் சம்பள உயர்வோடு மட்டும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் நிர்வாகம் ஒருமுறை அப்படிச் செய்தது. அந்தச் சுற்றில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஐந்துக்கு நாலு, நாலரை. தன் சூப்பர்வைசரின் இன்கிரிமென்டில் கைவைக்க எந்த ஆபரேட்டருக்குத் துணிச்சல் வரும்? மேனேஜர்கள் தங்களுக்குள் பேசிவைத்துப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த சுற்றிலேயே இரண்டையும் பிரித்துவிட்டோம். ஆனாலும் ஆட்களுக்கு நம்பிக்கை திரும்ப வெகுநாள் பிடித்தது.

அப்புறம் கேள்வித்தாள். ஆலோசனை நிறுவனம் கொடுத்த தாளில் ‘தொலைநோக்குப் பார்வை உள்ளவரா’ என்று ஒரு கேள்வி. எல்லாரும் யோசிக்காமல் 4 போட்டார்கள். அதை எடுத்துவிட்டு, ‘போன மாதம் உங்கள் வேலையைப் பற்றி உங்களோடு உட்கார்ந்து பேசினாரா’ என்று வைத்தோம். மதிப்பெண்கள் பிரிய ஆரம்பித்தன. கண்ணால் பார்த்ததைக் கேட்டால்தான் ஆட்கள் உண்மையைச் சொல்கிறார்கள்.

இதற்கு எனக்கு முன்மாதிரியாக இருந்தது கூகுள் தன் மேனேஜர்களைப் பற்றி நடத்திய ‘புராஜெக்ட் ஆக்சிஜன்’ என்ற ஆய்வு. நல்ல மேனேஜர்கள் செய்வதாக அவர்கள் கண்டுபிடித்த எட்டுப் பழக்கங்களில் முதலில் வந்தது, கூட இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுத்து வளர்ப்பது. தொழில்நுட்ப அறிவு எட்டாவதாகத்தான் வந்தது. நாமோ நல்ல மெஷினிஸ்டைப் பார்த்து சூப்பர்வைசர் ஆக்கிவிட்டு, ஆள் மேய்க்கத் தெரியவில்லையே என்று அலுத்துக்கொள்கிறோம்.

அசெம்பிளி லைனில் ஒரு சூப்பர்வைசர், கெட்டிக்காரர். ‘பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார்’ என்ற வரியில் தனக்கு 5 போட்டிருந்தார். அவருக்குக் கீழே இருப்பவர்கள் போட்டது சராசரி இரண்டரை. கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார்: “பிரச்சினைன்னு போனா முதல்ல யார் தப்புன்னுதான் கேப்பாரு.” அறிக்கையில் இருந்த அத்தனை வரைபடங்களையும்விட இந்த ஒரு வரிதான் வேலை செய்தது. ‘யார்’ என்பதை விட்டுவிட்டு ‘என்ன ஆச்சு’ என்று கேட்பது, இது ஒன்றை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். மாதம் ஒருமுறை தன் ஆட்களிடமே “மாறியிருக்கேனா?” என்று விசாரித்தார். கொஞ்ச நாளில் லைனில் சின்னச் சின்னக் கோளாறுகள் மறைக்கப்படாமல் சீக்கிரமே வெளியே வந்தன. எனக்கு அதுதான் அளவுகோல், அடுத்த சுற்றின் மதிப்பெண் அல்ல.

அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் கைகழுவுகிற இடங்களில் இது நடக்காது. குளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல், பின்னூட்டம் (ஒருவர் வேலை செய்கிற விதத்தைப் பற்றி அவரிடமே சொல்வது) பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பின்னூட்டம் சராசரியாக நல்லதே செய்தது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முடிவுகளில் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதற்குத் திரும்பினால் பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். அறிக்கையைக் கையில் வாங்கியதும் சுருங்கிப்போன முகங்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் சொன்னது சரி. அதனால் இப்போதெல்லாம் தனியாக உட்கார்ந்து பேசாமல் யாருக்கும் அறிக்கை தருவதில்லை.

ஒருவருக்குக் கீழே மூன்று பேருக்குக் குறைவாக இருந்தால் அவர்களுடைய மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டாதீர்கள், யார் போட்டது என்று உடனே தெரிந்துவிடும். இருபது முப்பது பேர் உள்ள சின்ன நிறுவனம் என்றால் இதற்குச் செலவே செய்ய வேண்டாம். முதலாளி ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் உட்கார்ந்து, “உங்க வேலை நல்லா நடக்க நான் எதை நிறுத்தணும்?” என்று கேட்டு, பதிலை எழுதி வைத்துக்கொண்டால் போதும்.