மனநல ஆதரவு: சாட்பாட்டா, ஆலோசகரா?

நள்ளிரவில் தூக்கமின்றித் தவிப்பவருக்கு உடனே பதில் தருவது சாட்பாட் எனும் உரையாடும் கணினி நிரல்தான்; ஆலோசகரைப் பார்க்கவோ நேரம் வாங்கிக் காத்திருக்க வேண்டும், கட்டணமும் செலுத்த வேண்டும். இவ்விரண்டிலும் சாட்பாட்டின் கையே ஓங்கியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் உரையாடலின் தன்மை வேறு. “எல்லோரும் என்னை வெறுக்கிறார்கள்” என்று ஒருவர் எழுதினால், பயனரின் மனம் கோணாமல் பேசும் போக்குடைய சாட்பாட் அதை அப்படியே ஆமோதித்துவிடக்கூடும். பயிற்சி பெற்ற ஆலோசகரோ, அந்த ‘எல்லோரும்’ யார் யார், அன்று நடந்தது என்ன என்று கேட்டு, அவ்வெண்ணத்தை அவரே சோதித்துப் பார்க்கும்படி செய்வார். இது வெறும் ஊகமன்று: பயனருக்கு அளவுமீறித் தலையாட்டுகிறது என்பதற்காகவே ஓப்பன்ஏஐ நிறுவனம் 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடி என்ற தன் சாட்பாட்டின் ஒரு புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றது. அதற்கும் முன்பே, 2023-இல், உணவுக் கோளாறு (எடை கூடுமோ என்ற அச்சத்தில் உணவைத் தவிர்ப்பது போன்ற மனநலச் சிக்கல்) உள்ளவர்களுக்கென அமெரிக்காவில் இயங்கிய ‘டெஸ்ஸா’ என்ற சாட்பாட், எடையைக் குறைக்க வழி சொன்னதால் நிறுத்தப்பட்டது. நோயாளிக்கு நோயையே மருந்தாகக் கொடுத்த கதை அது.

தற்கொலை எண்ணம் தலைதூக்கும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. குரலின் தளர்வையும் நீண்ட மௌனத்தையும் கவனிக்கும் ஆலோசகர், தேவையானால் குடும்பத்தினரையோ அவசர உதவியையோ அழைப்பார். சாட்பாட் பெரும்பாலும் ஓர் உதவி எண்ணைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது.

ரகசியத்தைப் பொறுத்தவரை, ஆலோசகரைத் தொழில்நெறி கட்டுப்படுத்துகிறது. சாட்பாட்டிடம் சொன்னது நிறுவனத்தின் சர்வரில் தங்கக்கூடும். அன்றாட மனச்சுமையை எழுதி இறக்கிவைக்கச் சாட்பாட் போதும்; நோயைக் கண்டறியவும், மருந்தை நிறுத்தலாமா என்று முடிவெடுக்கவும் அதை நாடக் கூடாது.