வேலூர்ல வாடகை வருமானத்துக்கு: ஊருக்குள்ள பழைய வீடா, காட்பாடி பக்கம் ஃபிளாட்டா?

வாடகைக்கு விடறதுக்குன்னே மொத தடவையா சொத்து வாங்க கெளம்புறவங்க வேலூர்ல கடைசியா வந்து நிக்கிறது இந்த ரெண்டுல ஒண்ணுலதான். காட்பாடி விஐடி பக்கமோ சத்துவாச்சாரியிலயோ ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், இல்லன்னா சைதாப்பேட்டை, கொசப்பேட்டை, தோட்டப்பாளையம் மாதிரி ஊருக்குள்ள ஒரு பழைய மச்சு வீட்ட வாங்கி, மராமத்து பாத்து, போர்ஷன் போர்ஷனா பிரிச்சு விடறது. நான் ரெண்டாவது வழியில போனவன், அதனால நடுநிலைன்னு எல்லாம் பேச மாட்டேன், தெரிஞ்சே படிங்க.

ஃபிளாட்டோட சவுகரியம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பேங்க் லோன் சுலபமா கெடைக்கும், சாவி கைக்கு வந்த அடுத்த மாசமே ஆள் வெச்சிடலாம், கார் நிறுத்த இடம் இருக்கும், லிஃப்ட் இருக்கும். கட்டிக்கிட்டு இருக்கும்போதே வாங்கினா ஜிஎஸ்டி 5%, சின்ன பட்ஜெட் ஃபிளாட்டா இருந்தா 1%, கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வந்தப்புறம் வாங்கினா அதுவும் இல்ல. சென்னையிலயோ துபாய்லயோ உக்காந்துக்கிட்டு வாடகை மட்டும் வந்தா போதும்ங்கிறவங்களுக்கு ஃபிளாட்தான், இதுல வாதமே இல்ல.

ஆனா ஊர்லயே இருக்கீங்க, சாயங்காலம் ஒரு எட்டு போய் பாக்க முடியும்னா கணக்கு வேற. எனக்கு முடிவு பண்ண வெச்சது ஒரே விஷயம், வீடு காலியா கெடக்கற மாசம். வாங்கும்போது எல்லாரும் வாடகைய 12 மாசத்தால பெருக்கி பாத்து சந்தோஷப்படறாங்க, 12 மாசமும் ஆள் இருப்பாங்கன்னு யார் சொன்னது?

உதாரணத்துக்கு, ஃபிளாட் வாடகை 12,000 ரூபான்னு வெச்சுக்கோங்க, மெயின்டனன்ஸ் 1,500. ரெண்டு மாசம் ஆள் வரலன்னா வாடகை 24,000 போச்சு, மெயின்டனன்ஸ் 3,000 நம்ம பாக்கெட்ல இருந்து போச்சு, ஈஎம்ஐ பாட்டுக்கு ஈஎம்ஐ ஓடும். அந்த மாசம் வருமானம் குறையல, சுத்தமா இல்ல, அதுதான் பிரச்சனை. அதுவே பழைய வீட்டுல மூணு போர்ஷன், ஒண்ணு 4,500னு வெச்சா மாசம் 13,500. ஒரு போர்ஷன் ரெண்டு மாசம் காலின்னா போறது 9,000தான், மத்த ரெண்டு வாடகை வந்துக்கிட்டே இருக்கும், லோன் கட்ட வழி இருக்கும். ஆள் மாறும்போது பெயிண்ட் அடிக்கிறதும் ஒரு ரூம் ஒரு கிச்சனோட முடிஞ்சிடும்.

சரி, ஆள் யாருன்னு பாருங்க. விஐடிய நம்பி ஃபிளாட் வாங்கறவங்க நிறைய பேரு, ஆனா அங்க பசங்க பெரும்பாலும் காலேஜ் ஹாஸ்டல்ல இருக்காங்க, வெளிய தங்கறவங்க செமஸ்டர் முடிஞ்சா பெட்டிய கட்டிடுவாங்க, இதுல அசோசியேஷன்ல பேச்சிலருக்கு விடக்கூடாதுன்னு ரூல் இருந்தா சுத்தம். சிஎம்சி அப்படி இல்ல. ஐடா ஸ்கடர் அம்மா 1900ல ஒத்த பெட்டோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, இன்னிக்கு அதுக்கு லீவே கெடையாது. நர்ஸ், லேப் டெக்னீஷியன், சுத்தி இருக்கிற மெடிக்கல் ஷாப்புல லாட்ஜுல வேலை செய்றவங்க, இவங்களுக்கு நடந்து போற தூரத்துல சின்ன வீடு போதும், நைட் ஷிஃப்ட் முடிச்சு வரவங்களுக்கு ஸ்விம்மிங் பூல் எல்லாம் எதுக்கு. 2022ல ராணிப்பேட்டை கேம்பஸ் திறந்து கொஞ்சம் டிபார்ட்மெண்ட் அங்க போயிருக்கு, இது டவுன் வாடகைய நாளைக்கு எவ்ளோ பாதிக்கும்னு அடிச்சு சொல்ல எனக்கு தைரியம் இல்ல. இதுவரைக்கும் எங்க தெருவுல டு-லெட் போர்டு தொங்கினா ரொம்ப நாள் தொங்கறதில்ல, அவ்ளோதான் என் சாட்சி.

இப்ப பழைய வீட்டுல அடி எங்க விழும்னு சொல்றேன். மேல. இந்த ஏரியா பழைய வீடெல்லாம் மெட்ராஸ் டெரஸ், மரக்கட்டைய வரிசையா போட்டு அதுமேல செங்கல்ல நெட்டுக்குத்தா அடுக்கி சுண்ணாம்பு போட்ட மச்சு. நான் கூட்டிட்டு போன மேஸ்திரி வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் செவுத்த பாக்கவே இல்ல, ஏணி கேட்டாரு. கட்ட செவுத்துக்குள்ள போற முனையில ஸ்க்ரூ ட்ரைவர வெச்சு குத்திக்கினே வந்தாரு. "இன்னா சார், செவுரு நூறு வருஷம் நிக்கும், இந்த முனைய பாருங்க, இங்கதான் ஈரம் நின்னு செல்லு அரிக்கும்." ரெண்டு கட்டையில ஸ்க்ரூ ட்ரைவர் வெண்ணெயில போற மாதிரி போச்சு. அங்கயே அதக் காட்டி விலைய கொறச்சு பேச முடிஞ்சது, கட்டைய எடுத்துட்டு இரும்பு உத்தரம் (ஐ செக்ஷன்) போட்டோம். புரோக்கர் காட்டற புது பெயிண்ட்ட பாத்து மயங்காதீங்க, ஏணி எடுத்துட்டு போங்க.

அப்புறம் சுண்ணாம்பு செவுத்துக்கு மேல சிமெண்ட் பூச்சு பூசாதீங்க, ஈரம் உள்ளயே மாட்டிக்கிட்டு உப்பு பூத்து உரிஞ்சு விழும், வருஷா வருஷம் அதே செலவு. சுண்ணாம்பு பூசத் தெரிஞ்ச ஆள் கெடைக்கறது கஷ்டம்தான், ஆனா வேலப்பாடி பக்கம் வயசான கொத்தனாருங்க இன்னும் இருக்காங்க. தடிச்ச செவுரு இருக்கறதால வேலூர் வெயில்ல உள்ள இருக்கிறவங்க மூச்சு விட முடியுது, ஃபிளாட்ல மேல் மாடி வாங்கினவங்கள மே மாசம் கேட்டுப் பாருங்க.

போர்ஷன் பிரிக்கும்போது ஒவ்வொண்ணுக்கும் தனி டாய்லெட், தனி வாசல், தனி சமையலறை போட்டுடுங்க. தனி ஈபி மீட்டருக்கும் அதுதான் வழி. ஒரே மீட்டர்ல மூணு குடும்பம் ஓடினா யூனிட் எல்லாம் சேர்ந்து ரேட் ஜாஸ்தியான மேல் ஸ்லாபுக்கு ஏறும், ஃப்ரீ யூனிட்டும் மூணு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு தடவைதான், பில் வர நாள்ல பஞ்சாயத்து நம்ம தலையிலதான். தண்ணிக்கு சம்ப் பெருசா போடுங்க, போர் தண்ணி உப்பு, காவிரி தண்ணிய பிடிச்சு வெச்சாதான் ஆவும்.

பத்திரம் விஷயத்துல ஃபிளாட்டுக்குத்தான் மார்க், ஒத்துக்கறேன். பழைய வீடுன்னா பங்காளிங்க, கூடப் பொறந்த அக்கா தங்கச்சி எல்லாரும் வந்து நிப்பாங்க. பொண்ணுங்களுக்கு சம பங்குன்னு தமிழ்நாட்டுல 1989லயே சட்டம், 2005ல நாடு முழுக்க வந்துடுச்சு, அதனால அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்து போட்ட பாகப்பிரிவினைய நம்பி அட்வான்ஸ் குடுக்காதீங்க, பொண்ணுங்க பங்க விட்டுக்குடுத்து எழுதற விடுதலைப் பத்திரம் கேளுங்க. அடிமனை கோயிலுக்கோ வக்ஃபுக்கோ சொந்தமான்னும் பாருங்க, கோட்டைய சுத்தின பழைய ஊர்ல இத கேக்காம வாங்கக்கூடாது. பதிவு செலவு முத்திரை 7%, கட்டணம் 2%, ஆக 9% தனியா எடுத்து வெக்கணும், மராமத்து காசுல கை வெச்சா வீடு பாதியில நிக்கும்.

மராமத்துக்கு காசு பத்தலன்னா ஒரு போர்ஷன லீஸுக்கு விட்டு அந்த லட்சங்கள வெச்சு மீதிய கட்டலாம்னு ஐடியா குடுப்பாங்க. நம்ம ஊர்ல நடக்கறதுதான், ஆனா அவங்க காலி பண்ற அன்னிக்கு மொத்தமா எண்ணி வெக்கணும், நான் அந்தப் பக்கம் போகல. பேஷண்ட் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விட்டா ஜாஸ்தி வரும்னு சொல்றாங்க, அது லாட்ஜ் தொழில், வெளிநாட்டுக்காரங்க தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள அரசாங்கத்துக்கு தகவல் குடுக்கணும், அதுல எனக்கு அனுபவம் இல்ல. மாச வாடகையே இருந்தாலும் 2019ல அமலுக்கு வந்த வாடகை சட்டப்படி எழுத்துல அக்ரிமெண்ட் போட்டு பதிவும் பண்ணிடுங்க, வாய் வார்த்தை வேணாம்.

மறுபடி விக்கறது பத்தி கேட்டா, நான் வித்ததில்ல. ஃபிளாட்ல நமக்கு சொந்தம் பிரிக்காத ஒரு துண்டு மனை, வீட்டுல முழு மனையும் நம்மளுதுன்னு காகிதத்துல நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆட்டோ கூட நுழையாத சந்துல இருந்தா வாங்கறவன் யோசிப்பான், நீங்க வாங்கும்போதே அத சொல்லி விலைய எறக்குங்க.